‘ரிலாக்ஸ்’ சொல்லுக்கு நாலு கையெழுத்து

"நீங்க இப்ப ரிலாக்ஸா இருக்கீங்கதானே?"

"இருந்தேன்."

"எப்ப வரைக்கும்?"

"நீங்க வந்து கேக்கற வரைக்கும்."

நூலகர் மேசைமேல் நீட்டியிருந்த கால்களைக் கீழே இறக்கினார். ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிற்றின்மேல் விரல்களைக் கோத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கே தூக்கம் வரும்படி இருந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே நின்றவள் ஒரு மஞ்சள் சீட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருப்பதாகவும், அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னாள்.

நூலகர் படித்தார். ‘நூலகர் காலை ஒன்பது நாற்பதுக்குத் தம் நாற்காலியில் ரிலாக்ஸ் ஆனார்.’

"ஆபீஸ் எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"ஒன்பதுக்கு."

"அப்ப இது எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லம்மா. ஒப்புதல் வாக்குமூலம்."

சீட்டு வந்த வழியே திரும்பி நகர்ந்தது.

அது ஓர் அகராதி அலுவலகம். மூன்று மாடி, பதினெட்டுப் பேர். எல்லோரும் சேர்ந்து ஓர் ஆங்கில - தமிழ் அகராதியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு எழுத்து கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்த மறுநாளே அந்த எழுத்து அவர்களுடைய பெயராகிவிட்டது. மஞ்சள் சீட்டோடு அலைந்தவள் பதினோரு வருடமாக ‘ஆர்’. சின்னவர்களுக்கு ஆர் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யாரையோ தேடுவாள்.

மூன்றாவது மாடியில் முதலாசிரியர் இருந்தார். அவர் பேசியபின் யாரும் பேசுவதில்லை என்பதால் அவர் பெயர் முற்றுப்புள்ளி. அகராதியின் பழைய பதிப்பில் யாரோ ஓர் ஆசிரியர், ‘தபால்காரர்மேல் யானை உட்கார்ந்திருக்கிறது’ என்று ஓர் எடுத்துக்காட்டு எழுதிவிட்டார். எந்தத் தபால்காரர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்து நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அன்றைக்கு முற்றுப்புள்ளி ஒரு விதி போட்டார். இனி அகராதியில் கற்பனை வாக்கியம் கிடையாது. ஒவ்வோர் எடுத்துக்காட்டும் உண்மையிலேயே நடந்ததாக இருக்க வேண்டும். வாக்கியத்தில் வரும் ஆள் மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த விதியில் ஒரு கீறல் விழவில்லை.

இந்த விதியோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு ‘ரிலாக்ஸ்’ என்ற ஒரு சொல் இவ்வளவு பாடுபடுத்தும் என்று தெரியாது. அதற்கு நாலு பொருள்கள் தேறின. உடம்பு தளர்வது, பிடி தளர்வது, விதி தளர்வது, ஆளே இளைப்பாறுவது. முதல் பொருளுக்குச் சீட்டு இருந்தது. போன வாரம் பல் மருத்துவரிடம் போனபோது, அவர் மூன்று முறை கெஞ்சியபின் அவளுடைய தாடை தளர்ந்தது. அவளே கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலாவது பொருளுக்கும் தன்னையே எழுதிக்கொள்ளலாமே என்றால், வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமே.

மீதி மூன்று சீட்டும் இன்றைக்கு ஐந்து மணிக்குள் வேண்டும். ஏனென்றால் ஆறரைக்கு ரயில். ஒரு வாரம் கடலோரத்தில் ஓர் அறை. கணவர் மூன்று முறை ஏற்பாடு செய்து, மூன்று முறையும் அவளால் நின்றுபோனது. ஒரு முறை ‘ரன்’, ஒரு முறை ‘ரெஃபர்’, ஒரு முறை ‘ரெகார்ட்’. ஒன்பது வயது மகள் கடலைப் பார்த்ததே இல்லை. படம் வரையச் சொன்னால் ஸ்கேல் வைத்து ஒரு நேர்க்கோடு போட்டு, இதுதான் கடல் என்பாள். இந்த முறை முற்றுப்புள்ளி விடுப்பு விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டையும் வைத்துவிட்டு, ரிலாக்ஸை முடித்துவிட்டு ரிலாக்ஸ் பண்ணப் போகலாம் என்று சொல்லியிருந்தார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நூலகத்திலிருந்து தொங்கிய முகத்தோடு வந்தவளை அடுத்த மேசைக்காரன் பார்த்தான். அவன் ‘டி’ எழுத்துக்காரன்; அதில் ‘டேக்’ என்ற ஒரே சொல்லில் பதினாலு மாதம் மாட்டிக்கொண்டிருந்தவன். எழுத்தின் பெயர் போய் அந்தச் சொல்லே அவனுக்குப் பெயராகிவிட்டது. நல்ல மாதிரி. மெல்லப் பேசுவான், பேசும்போதும் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பான். அந்த அலுவலகத்தில் அது ஒரு வியாதி மாதிரி, எல்லோருக்கும் உண்டு.

"நூலகர்கிட்ட எதுக்கு அக்கா போனீங்க? கியூகிட்ட போங்க" என்றான்.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. ‘கியூ’ எழுத்தை நாலே மாதத்தில் முடித்துவிட்டு ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஏழு வருடமாக ஊற்றுகிறார். இந்த மூன்று மாடியில் முழுநேர வேலையாக இளைப்பாறுகிறவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் கியூ ஏழு வருடமாக எதற்குப் பயந்தாரோ அது மஞ்சள் நிறத்தில் அவர் முன்னால் வந்து நின்றது. தான் சும்மா இருப்பது மேலே தெரிந்தால் அடுத்து ‘எக்ஸ்’, ‘இசட்’ என்று எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று அவர் ஒவ்வொரு நாளும் வெறும் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் செடிக்கே போவார். சீட்டைப் படித்தவர் பூவாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் அவருடைய செருப்பில் சொட்டியது.

"யார் சொல்லி எழுதறீங்க?" என்றார் கம்மிய குரலில்.

"யாரும் சொல்லலை சார். ரிலாக்ஸா இருக்கறவங்களைத் தேடிக்கிட்டிருக்கேன்."

"தேடிக் கண்டுபிடிச்சு?"

"கையெழுத்து வாங்கி மேல கொடுக்கணும்."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அரை மணி நேரத்தில் அது மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. ஆர் அக்கா சும்மா இருக்கிறவர்களைக் கணக்கெடுத்து முற்றுப்புள்ளியிடம் கொடுக்கிறாளாம். அவள் வராந்தாவில் நடந்தால் முன்னாலேயே நாற்காலிகள் நிமிரும் சத்தம் கேட்டது. கொட்டாவி விடப்போனவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தேநீர் அறையில் நாலு பேர் நின்றபடியே குடித்தார்கள். அதில் ஒருவர் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் அகராதியுமாக இருந்தார். நூலகர் ஏணியில் ஏறி, இருபது வருடமாக யாரும் தொடாத மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் கட்டின நாளிலிருந்து அங்கே இவ்வளவு வேலை நடந்ததில்லை.

"இப்ப எப்படி இருக்கு அக்கா?" என்று டேக் பரிவோடு கேட்டான்.

"தலை வெடிக்குது தம்பி."

அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ எழுதிவிட்டு, வீட்டுக்கு ஏன் போன் பண்ணக்கூடாது என்றான். கணவர் இன்றைக்கு விடுப்பில்தானே இருக்கிறார், பெட்டியைக் கட்டிவிட்டு நிம்மதியாகத்தானே உட்கார்ந்திருப்பார், போனிலேயே கேட்டுக்கொள்ளலாம், சாட்சிக்குத் தான் பக்கத்தில் நிற்கிறேன், கையெழுத்தை ரயில் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று முற்றுப்புள்ளியைச் சமாதானப்படுத்திவிடலாம் என்றும் சொன்னான். அவனுடைய நல்ல மனசுக்கு அவள் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே எண்களை அழுத்தினாள்.

"என்னங்க, ரிலாக்ஸா இருக்கீங்களா?"

கணவர், "எதுக்குக் கேக்கற?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா நீ ஆபீஸ்லேருந்து போன் பண்ணினதே இல்லை. போன தடவை ‘சாப்பிட்டாச்சா’ன்னு ஆரம்பிச்சே. அதுக்கு முன்னாடி ‘அங்க மழையா’ன்னு கேட்டே. இப்ப இது."

அவள் இல்லை இல்லை என்று மறுக்க மறுக்க அது ஆமாம் ஆமாம் என்றே கேட்டது. பின்னாலிருந்து மகளின் குரல், அம்மா வரலையா என்றது. அடுத்து ஒரு பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம். கணவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் தேவலை. ஆறு மணிக்கு ரயில் நிலைய வாசலில் இருவரும் நிற்பார்கள் என்றும், அவள் வராவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்றும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் கடல் என்ற பேச்சே எழாது என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவள் போனைப் பிடித்தபடியே நின்றாள். டேக் அவள் முகத்தை உன்னிப்பாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தாள்.

"இதை விடுங்க அக்கா. பிடி தளர்றது சுலபம். கீழே பைண்டர் எந்நேரமும் எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பார். வாங்க, நானும் வரேன்."

பைண்டிங் அறையில் பைண்டர் ‘எஸ்’ எழுத்தின் திருத்தப் பிரதியைத் தைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அகராதியிலேயே பருமனான எழுத்து. ஆயிரத்து நூறு தாள், ஒன்றிலும் பக்க எண் கிடையாது. எண்ணைக் கடைசியில்தான் போடுவார்கள். அந்தக் கட்டை மார்போடு அணைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். கைக்குழந்தையைக்கூட அப்படி யாரும் பிடிப்பதில்லை.

"ரொம்பப் புழுக்கமா இருக்கே" என்று டேக் மின்விசிறியைப் போட்டான். அதை ஐந்தில் வைத்தான்.

ஆர் அக்கா பைண்டரிடம், பிடியைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தும்படி கேட்டாள். எதற்கு என்றார் அவர். ஒரு சொல்லுக்காக என்றாள். படித்தவர்கள் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நம்பும் மனிதர் அவர். தளர்த்தினார்.

ஆயிரத்து நூறு தாள் சரிந்து விழுந்ததை எல்லோராலும் பார்க்க முடிந்தது. எங்கெங்கே விழுந்தது என்பதைப் பார்க்க முடியவில்லை. சில ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டன. சில பசைச் சட்டியில் இறங்கின. ஒன்று மின்விசிறியோடு இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பைண்டரின் தலையில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துப் படித்துப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடறேன்மா" என்றார். "ஆனா நீங்க சொல்லித்தான் விட்டேன்னு அதுல இருக்கணும்."

‘ஆர் வற்புறுத்தியதால் பைண்டர் பிடியைத் தளர்த்தினார்.’ ஒரு சீட்டு கிடைத்துவிட்டது. கூடவே, தரையெல்லாம் ஆயிரத்து நூறு தாள்களும் கிடைத்தன.

அவளும் பைண்டரும் முழங்காலில் உட்கார்ந்து அகரவரிசைப்படி அடுக்கினார்கள். மேலேயிருந்து எஸ் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தன் ஒன்பது வருட உழைப்பு தரையில் பரந்து கிடப்பதைப் பார்த்தாள். திரும்பி மாடி ஏறினாள். இரண்டாவது மாடியில் அவள் செருப்புச் சத்தம் நிற்கவில்லை. நேரே மூன்றாவதுக்குப் போனது. டேக்குக்கு உதவ ஆசைதான், ஆனால் மேசையில் வேலை காத்திருந்ததாம். அவ்வப்போது கதவருகில் வந்து, இன்னும் எத்தனை தாள் அக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனான். ஒவ்வொரு முறை அவன் கேட்கும்போதும் அவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது.

கடைசித் தாளைப் பசைச் சட்டியிலிருந்து எடுத்தபோது மணி நாலரை. முற்றுப்புள்ளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

மாடிப்படியில் டேக் நின்றுகொண்டிருந்தான். "விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டுடுங்க அக்கா. சார் இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கார்" என்றான்.

சார் நல்ல மூடில் இல்லை. மேசையில் அவள் விண்ணப்பம் இருந்தது. கண்ணாடிக் குண்டு அகற்றப்பட்டு அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. பணியாளர்களை வேவு பார்த்ததாகக் கியூவின் புகார். எஸ் எழுத்தை நாசமாக்கியதாக எஸ்ஸின் புகார். தூசியால் தும்மல் வருவதாக நூலகரின் புகார். முற்றுப்புள்ளி மூன்றையும் வாசித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் ஆர் அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. இனிமேல் இழக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு வருமே, அது.

"சார், ஒரே ஒரு வாக்கியம். அதை மட்டும் கற்பனையா எழுதிக்க அனுமதி கொடுங்க."

முற்றுப்புள்ளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவளுடைய பசை ஒட்டிய விரல்களையும், முழங்காலில் இருந்த தூசியையும், கலைந்த தலையையும் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "இன்னைக்கு மட்டும். வெளியே மூச்சு விடக் கூடாது."

அவள் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். நின்றபடியே எழுதி நீட்டினாள். ‘முதலாசிரியர் இருபத்தாறு வருட விதியைத் தளர்த்தினார்.’

"கையெழுத்து, சார்."

அவர் படித்தார். "இது நிஜமா நடந்தது."

"ஆமாம் சார், இப்பதான்."

"நிஜமா நடந்ததை எழுதறதுக்கு அனுமதி எதுக்கு? அனுமதி தேவையில்லைன்னா நான் எதையும் தளர்த்தலை. தளர்த்தலைன்னா இந்த வாக்கியம் பொய்."

"பொய்னா அது கற்பனைதானே சார். அதுக்குத்தானே அனுமதி கொடுத்தீங்க."

"கொடுத்தேன்னு ஒத்துக்கிட்டா தளர்த்தினேன்னு ஆகுது."

"அதான் சார். கையெழுத்துப் போடுங்க."

முற்றுப்புள்ளி சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் வழி இல்லை. கையெழுத்துப் போட்டார், வழக்கமாக அதன் கடைசியில் வைக்கும் புள்ளியை மறந்துவிட்டார்.

"நாலாவது?" என்றார்.

இளைப்பாறுகிற ஆள் யாரும் இந்த மூன்று மாடியில் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கற்பனை அனுமதி இன்னும் செலவாகாமல் கையில் இருந்தது. எழுதினாள். ‘ஆர் கடற்கரையில் ரிலாக்ஸ் ஆனாள்.’

அவர் இதை ரொம்ப நேரம் படித்தார். ஐந்து சொல்கூட இல்லாத வாக்கியம்.

"இது கற்பனையா?"

"பதினோரு வருஷமா கற்பனை சார்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முற்றுப்புள்ளி சிவப்புப் பேனாவை மூடி, நீலப் பேனாவை எடுத்தார். ஒரு வாரத்தில் உண்மையாகக்கூடிய ஒன்றைக் கற்பனையாக அச்சிட முடியாது என்றார். சீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே போய் அது உண்மையானால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும், ஆகாவிட்டால் போடக் கூடாது, தான் கண்டுபிடித்துவிடுவேன் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தில் நீல மையால் கையெழுத்திட்டார்.

அவள் கதவைத் திறக்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "இருங்க. அப்ப கற்பனை வாக்கியம் ஒண்ணுகூட எழுதலை. அப்படின்னா அந்த மூணாவது சீட்டு..."

அவள் அதற்குள் இரண்டாவது மாடியில் இருந்தாள்.

ஐந்து பத்து. ரயில் நிலையத்துக்கு நாற்பது நிமிடம். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். அவளைப் பார்த்ததும் வழியெல்லாம் முதுகுகள் நிமிர்ந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணுக்குள் ஒரு நேர்க்கோடு இருந்தது, அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர். போனில் கணவரைக் கூப்பிட்டு, கிளம்பிட்டேன் என்று ஒரே சொல்லில் சொன்னாள். அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப் மூடும் சத்தம் கேட்டது. பதினோரு வருடத்தில் அவள் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். எப்போதும் ஒரு சல்யூட்டோடு விட்டுவிடுகிறவர், இன்றைக்கு ஒரு கையில் பேனாவும் இன்னொரு கையில் ரப்பர் போட்ட மஞ்சள் சீட்டுக் கட்டுமாக நின்றார். நேரமாகிவிட்டது, ரயில் போய்விடும் என்று அவள் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"டேக் சார் கொடுத்தனுப்பினாரும்மா. டேக் வார்த்தை போன மாசமே முடிஞ்சுடுச்சாம், இப்ப ‘டார்ச்சர்’ங்கற வார்த்தையாம், காலையிலேருந்து உங்களைப் பண்ணினதெல்லாம் நேரத்தோட பதினோரு சீட்டுல எழுதியிருக்காராம், அவருக்கும் நாளையிலேருந்து லீவு வேணுமாம், கீழ வர வெட்கமா இருக்குன்னு படியிலேயே நிக்கறார், கொஞ்சம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."